விசுக்கோத்துக்குள் மறைத்த விமானம்

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். கிளடிஸின் புளுகு இரண்டு வருடம் நின்றது. அதுவும் எங்கள் கட்டடத்தில்! ரொறன்ரோவின் ரெக்ஸ்டேல் பகுதியில் நாங்கள் இருந்த அந்த மாடிக் கட்டடத்தில் ஒரு வீட்டில் மீன் பொரித்தால் என்ன மீன் என்று மூன்று மாடிக்கு மேலே இருந்து சொல்லுவார்கள். யார் வீட்டுக்கு யார் வந்தது, யார் யாரோடு கதைக்காமல் விட்டது என்பதெல்லாம் லிப்ட் கீழே போய்ச் சேருவதற்குள் தெரிந்துவிடும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். முழு விமானத்தை விசுக்கோத்துக்குள் மறைத்தவள் எனக்குத் தெரிந்து கிளடிஸ் ஒருத்திதான்.

கிளடிஸ் குருநகர்காரி. ஐந்தடி உயரம்கூட வரமாட்டாள். தொண்ணூறாம் ஆண்டுக் கடைசியில் கணவர் அமிர்தநாதரோடு வந்து எங்களுக்கு எதிர்வீட்டில் குடியேறினாள். பிள்ளைகள் இல்லை. நான் பாடசாலை பஸ் ஓட்டுகிறவன். காலையில் ஒரு ஓட்டம், பின்னேரம் ஒரு ஓட்டம், நடுவில் வீட்டில் இருந்து ஊர் விடுப்பும் வம்பும் கேட்பேன். என் மனைவி தவமணியும் கிளடிஸும் அக்கா தங்கச்சி மாதிரி. அப்படி இருந்தும் எங்களுக்கே தெரியாமல் இருந்தது என்பதுதான் என் ஆத்திரம்.

அமிர்தநாதரைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை விளங்காது. ஊரில் கடற்றொழிலாளர் சங்கக் கடையில் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். இங்கே ஒரு ஹோட்டலின் நிலவறைச் சமையலறையில் சமையல் வேலை. நிலவறை என்பதால்தான் அந்த வேலை அவருக்குப் பிடித்தது. அங்கே விமானச் சத்தம் கேட்காது. ரெக்ஸ்டேலில் எங்கள் கட்டடத்துக்கு மேலால்தான் விமானங்கள் இறங்கும். அவருடைய ஒன்றுவிட்ட தம்பி ஒருவன்தான் வீடு பார்த்துக் கொடுத்தான். அவன் வாடகையைப் பார்த்தானே தவிர வானத்தைப் பார்க்கவில்லை. விமானம் தாழ்வாக வந்தால் அமிர்தநாதர் கதையைப் பாதியில் நிறுத்திவிடுவார். கண் முகட்டில் நிற்கும். சத்தம் போன பிறகு விட்ட இடத்திலிருந்து கதைப்பார். அவர்களுடைய கட்டிலுக்குக் கீழே ஒரு தலையணையும் போர்வையும் எப்போதும் விரித்தபடி இருக்கும். வேலை முடிந்து வந்து அவர் அதில்தான் படுப்பார்.

காரணம் இருந்தது. தொண்ணூறாம் ஆண்டு ஊரில், ஆட்கள் ஏறிப்போகிற மாதிரியான ஒரு விமானத்திலிருந்து விமானப்படைக்காரர் பீப்பாய்களை உருட்டிவிட்டார்கள். குண்டு போடப் பிறந்த விமானம் இல்லை அது. சாமான் ஏற்றுகிற, சனம் ஏற்றுகிற விமானம். அதன் கதவைத் திறந்து பீப்பாய்க் குண்டைக் காலால் உதைத்து விட்டார்கள். அமிர்தநாதரின் அக்காவும் அக்காவின் இரண்டு பிள்ளைகளும் வீட்டில் நின்றார்கள். அவர் பாண் வாங்க பேக்கரிக்குப் போயிருந்தார். திரும்பி வந்து தன் கையாலேயே மண்ணைக் கிளறினார். அன்றைக்கும் அவர் அழவில்லை, அதன்பிறகும் அழவில்லை என்று கிளடிஸ் தவமணியிடம் சொல்லியிருக்கிறாள்.

இப்படிப்பட்ட மனிதரின் மனைவிக்கு வேலை எங்கே கிடைக்க வேண்டும்? விமானப் பட்டறையில் கிடைத்தது. தொண்ணூற்றிமூன்றாம் ஆண்டு வசந்தகாலம். ஆள் அனுப்புகிற ஒரு ஏஜென்சி அவளைத் துப்புரவு வேலைக்கு விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த ஒரு பெரிய தகரக் கொட்டகைக்கு அனுப்பியது. உள்ளே போனால் இரண்டு கிழட்டு விமானங்கள். வயிறு வள்ளத்தின் வயிறு. முதுகில் நீளமான ஒற்றைச் செட்டை, அதில் இரண்டு எஞ்சின். தண்ணீரிலும் இறங்கும், தரையிலும் இறங்கும். கான்சோ என்று பெயர். இரண்டாம் உலகப்போரில் கனடா விமானப்படை இவற்றைக் கடலுக்கு மேலே நீர்மூழ்கிகளைத் தேடிக் குண்டு போட வைத்திருந்தது. போர் முடிந்ததும் பட்டாளம் கைகழுவிவிட்டது. பிறகு இதில் ஒன்று வடக்கே மீனும் தபாலும் ஏற்றியது, மற்றது கனிமம் தேடுகிறவர்களை ஏற்றிப் பறந்தது. கடைசியில் இரண்டின் வயிற்றிலும் தண்ணீர்த் தாங்கி வைத்தார்கள். ஏரியின் மேலே உரசிக்கொண்டு போய்த் தண்ணீரை அள்ளி, எரிகிற காட்டின் மேலே கொட்டுவதற்கு. ஐம்பது வயது தாண்டிய அந்த உடம்பில் உக்கிப்போன தகடுகளைக் கழற்றிப் புதுத் தகடு அடிக்கிற வேலைதான் அந்தப் பட்டறையில் நடந்தது.

தகடு அடிக்க இரண்டு பேர் வேண்டும். வெளியே நிற்கிறவர் துப்பாக்கி மாதிரி ஒரு கருவியால் ரிவெற் ஆணியை அடிப்பார். உள்ளே இருக்கிறவர் ஒரு இரும்புக் கட்டியை ஆணியின் வாலில் அமர்த்திப் பிடிக்க வேண்டும். வால் பக்கம் போகப் போக வயிறு ஒடுங்கிக்கொண்டு போகும். போர்த்துக்கல்காரர் மனுவேல்தான் அங்கே பெரிய தொழிலாளி. அவர் வெளியே அடிக்க, உள்ளே இருந்து பிடித்தவன் வேலையை விட்டுப் போய்விட்டான். வேறு ஒருவரும் அந்த ஒடுக்கத்துக்குள் புகமாட்டார்கள். தரை துடைத்துக்கொண்டு நின்ற கிளடிஸை மனுவேல் மேலும் கீழும் பார்த்தாராம். "உள்ளே போவியா?" என்று கேட்டாராம். அவள் துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு அந்தத் துடைப்பத்தை அவள் தொடவில்லை.

அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்தவளின் கையெல்லாம் கறுப்பு. அமிர்தநாதர் வேலைக்குப் போக வெளிக்கிட்டுக்கொண்டு நின்றார்.

"எங்கை வேலை குடுத்தவங்கள்?"

"விசுக்கோத்துப் பக்டரி."

ஏன் விசுக்கோத்து என்று பிறகு கேட்டேன். வருகிற பஸ் அப்படி ஒரு தொழிற்சாலைப் பக்கத்தால் வந்ததாம், நல்ல வாசம் அடித்ததாம், அதுதான் வாயில் வந்ததாம். பொய் சொன்னாலும் பொருந்தச் சொல் என்பார்கள். அவள் பொருந்தச் சொன்னாள். வெள்ளிக்கிழமைகளில் கடையில் விசுக்கோத்து வாங்கி, பெட்டியை எறிந்துவிட்டு, வெறும் பையில் போட்டுக் கொண்டுவருவாள். "உடைஞ்சது, வேலைக்காரருக்குச் சும்மா குடுக்கிறவங்கள்" என்பாள். உடையாததை அவளே உடைத்திருக்கிறாள்! எங்கள் வீட்டிலும் இரண்டு வருடம் அதைத் தேத்தண்ணீரில் தோய்த்துத் தின்றோம். கையில் கறுப்பு என்ன என்றால் மெஷின் எண்ணெய். ஆணி அடிக்கிற சத்தத்தில் காது அடைத்து அவள் உரத்துக் கதைக்கப் பழகிவிட்டாள். "விசுக்கோத்துப் பக்டரியில காதும் அடைக்குமோ பிள்ளை?" என்று நான் கேட்டதற்கு, "அடுப்பின்ர இரைச்சல் அண்ணை" என்றாள். கொஞ்சமும் கூசவில்லை.

தொண்ணூற்றைந்து ஏப்ரலில் ஊரில் மறுபடியும் சண்டை தொடங்கியது. அமிர்தநாதர் பகலிலும் கட்டிலுக்குக் கீழே போகத் தொடங்கினார். அந்த நேரம் பார்த்துத்தான் என் மைத்துனன் இரத்தினவேல் வந்து சேர்ந்து எங்கள் வீட்டுச் சோபாவில் இடம் பிடித்திருந்தான். எங்கள் ஆட்கள் வேலை தேடுகிற முறை ஒன்றுதான். உள்ளே இருக்கிற ஒருவரின் பெயரைச் சொல்வது. தவமணி கிளடிஸிடம் கேட்டாள்.

"இப்ப ஆக்கள் எடுக்கேல்லை அக்கா" என்றாள் கிளடிஸ். அடுத்த மாதமும் அதையே சொன்னாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எதிர்வீட்டுக்காரி, தின்ன விசுக்கோத்துத் தருகிறாள், ஒரு வார்த்தை சொல்லமாட்டாளாமா? நீ என்ன சொல்வது, நானே போகிறேன் என்று காலை பஸ் ஓட்டம் முடிய என் வான் வண்டியில் இரத்தினவேலை ஏற்றிக்கொண்டு அந்த விசுக்கோத்துத் தொழிற்சாலைக்குப் போனேன். வாசலில் எங்கள் ஆட்கள் நாலைந்து பேர் சிகரெட் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கிளடிஸின் பெயரைச் சொன்னேன். ஒருவரையொருவர் பார்த்தார்கள். குருநகர், சின்ன உருவம், உரத்துக் கதைப்பா என்று அடையாளமும் சொன்னேன். அப்படி ஒருவர் இல்லை என்றார்கள். எங்கள் ஆட்கள் வேலை செய்கிற இடத்தில் ஒரு குருநகர்ப் பெண்ணைப் பற்றி அவர்களுக்குத் தெரியாது என்றால், அப்படி ஒருத்தி அங்கே இல்லை என்றுதான் அர்த்தம்.

வேடிக்கை என்னவென்றால் இரத்தினவேலுக்கு அங்கேயே வேலை கிடைத்தது. அந்தச் சந்தோசத்தில் அந்த மூதேவி லிப்டில் கண்ட அமிர்தநாதரிடம், "அண்ணை, கிளடிஸ் அக்கா அங்க இல்லையாமே!" என்று பல்லைக் காட்டிச் சொல்லிவிட்டான்.

அன்று அவருக்கு லீவு நாள். பின்னேரம் எங்கள் கதவைத் தட்டினார். முகத்தில் இரத்தம் இல்லை.

"நீங்கள் ரெண்டு பேரும் ஒருக்கா வாங்கோ. அவ வந்திட்டா. தனியக் கேக்க எனக்கு ஏலாமல் கிடக்கு."

எங்கே போய் வருகிறாளோ, என்ன கேள்விப்பட வேண்டி வருமோ என்று யோசித்தபடி தவமணியோடு போனேன். கிளடிஸ் சமையலறை வாசலில் நின்றாள். அமிர்தநாதர் கதிரையில் இருக்கவில்லை. கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ரெண்டு வருசமா நீர் எங்கை போறீர்?"

அவள் மறைக்கவில்லை. பட்டறை, மனுவேல், வால், ஆணி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் ஒன்றைத்தான் கேட்டார்.

"முந்தி அது குண்டு போட்டதோ?"

"ஓம். உலகப்போர் நேரம் போட்டதாம். இப்ப தண்ணி போடும்."

"அந்த வேலையை விடும்."

"விடமாட்டன்."

"அப்ப நான் மொன்றியலுக்குத் தம்பியிட்டப் போறன்."

தவமணி அழத் தொடங்கிவிட்டாள். எனக்குக் கிளடிஸ் மேல் கோபம் கோபமாக வந்தது. "பிள்ளை, இந்த மனிசன்ர நிலைமை தெரிஞ்சும் உமக்கு வேற வேலை கிடைக்கேல்லையே? இந்த ரொறன்ரோவில பிளேனைத் தவிர வேற சாமான் இல்லையே?" என்று ஏசினேன்.

அவள் என் பக்கம் திரும்பினாள். "அண்ணை, சனம் ஏத்திற பிளேனை அங்க குண்டு போடுறதா மாத்தினவங்கள். இவற்ற அக்காவைச் சாக்காட்டினவங்கள். இஞ்ச குண்டு போட்ட பிளேன் ஒண்டை நான் என்ர கையால நெருப்பு அணைக்கிறதா மாத்திறன். முதல் நாள் அந்த வாலுக்குள்ள போகேக்கை எனக்கும் பயமாத்தான் இருந்தது. ஒரு ஆணி அடிச்சு முடியப் பயம் போயிட்டுது. இதை விட்டிட்டு நான் ஏன் விசுக்கோத்துச் சுடவேணும்?"

அமிர்தநாதர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். அடுத்த நாள் அவருடைய சூட்கேஸ் கதவடியில் வந்து நின்றது.

ஆனால் போகவில்லை. பட்டறையில் முதல் விமானத்தின் வேலை முடிகிற நேரம் அது. மழை இல்லாத வருடம், வடக்கே காடு அந்தக் கோடையில் முந்தியே எரியத் தொடங்கியிருந்தது. கிளடிஸ் சனிக்கிழமையும் வேலைக்குப் போனாள். அவள் சமைத்ததை அமிர்தநாதர் தொடமாட்டார். தானே சமைப்பார். சமைத்ததில் அவளுக்கும் ஒரு சாப்பாட்டுக் கோப்பையில் போட்டு மூடி வைத்துவிட்டு வேலைக்குப் போவார். அவளும் அதைச் சாப்பிட்டுவிட்டுக் கோப்பையைக் கழுவி வைப்பாள். சூட்கேஸ் கதவடியிலேயே நின்றது. இருவரும் அதைத் தாண்டித் தாண்டிப் போய் வந்தார்கள்.

ஜூனில் ஒரு நாள் கிளடிஸ் எங்கள் வீட்டுக்கு வந்தாள். கணவரையும் கையோடு கூட்டிக்கொண்டு வந்தாள். நாங்கள் சாட்சியாக இருக்கத்தான்.

"ராசரட்ணம் அண்ணை, வாற சனிக்கிழமை சிம்கோ ஏரியில பிளேன் தண்ணி அள்ளிக் கொட்டிப் பாக்கினம். வேலை செய்தாக்கள் குடும்பத்தோட வரலாமாம். உங்கட வானில எங்களைக் கொண்டு போவியளே?"

"நான் வரேல்லை" என்றார் அமிர்தநாதர்.

"ஒருக்கா வந்து பாருங்கோ. பாத்த பிறகும் விடச் சொன்னா, திங்கக்கிழமை போய்ச் சொல்லிப்போட்டு விட்டிட்டு வாறன். அண்ணையும் அக்காவும் சாட்சி."

அவர் அவளைத் திரும்பிப் பார்த்தார். "சொன்ன சொல் மாறக்கூடாது."

"மாறமாட்டன்."

அவர் போன பிறகு நான் தலையில் அடித்துக்கொண்டேன். "உமக்கு விசரே பிள்ளை? சத்தம் கேட்டாலே கட்டிலுக்குக் கீழ போற மனிசன். கண்டால் என்ன சொல்லும் எண்டு தெரியாதே? வேலை போச்செண்டு நினையும்."

"சொல்லட்டும் அண்ணை" என்றாள். "பாக்காமல் சொல்லக்கூடாது." சொல்லிவிட்டு உள்ளங்கையில் இருந்த கறுப்பைப் பெருவிரலால் தடவிக்கொண்டு நின்றாள். அந்த வேலை அவளுக்கு எவ்வளவு என்று அப்போதுதான் எனக்கு முழுதாக விளங்கியது. அதையே தூக்கிப் பந்தயத்தில் வைத்துவிட்டாள்.

சனிக்கிழமை நல்ல வெயில். நானூறாம் நெடுஞ்சாலையால் வடக்கே போனோம். அமிர்தநாதர் பின் சீற்றில் இரண்டு காதிலும் பஞ்சு அடைத்துக்கொண்டு இருந்தார். தவமணி கட்டிக்கொண்டு வந்த இடியப்பத்தை யாரும் தொடவில்லை. ஏரிக்கரையில் ஒரு புல்வெளியில் பட்டறை ஆட்கள் குடும்பங்களோடு நின்றார்கள். மனுவேல் மடக்குக் கதிரையில் இருந்தார். கிளடிஸைக் கண்டதும் எழுந்து வந்து கை கொடுத்தார். அமிர்தநாதருக்கும் கொடுக்க வானுக்குக் கிட்ட வந்தார். அமிர்தநாதர் ஜன்னல் கண்ணாடியைக் கீழே இறக்கவில்லை. மனுவேல் என்ன நினைத்தாரோ, தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்.

முதலில் சத்தம்தான் வந்தது. எங்கள் கட்டடத்துக்கு மேலே போகிற ஜெட் சத்தம் இல்லை அது. பழைய எஞ்சின், உறுமி உறுமி வருகிற சத்தம். ஊரில் கேட்ட அதே வகைச் சத்தம். கிளடிஸ் வானின் பின் கதவைத் திறந்தாள்.

"இறங்குங்கோ."

அவர் அசையவில்லை.

"பாக்கிறன் எண்டு சொன்னனீங்கள். கண்ணை மூடுறதெண்டாலும் வெளியில நிண்டு மூடுங்கோ." கையை நீட்டினாள். நீட்டிய கையை மடக்கவில்லை. கடைசியில் அவர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். ஒரு கை அவளிடம், மற்றக் கை கதவில். காதில் பஞ்சு.

விமானம் ஏரியின் மேலே தாழ்ந்து, வயிற்றால் தண்ணீரை உரசியது. இரண்டு பக்கமும் வெள்ளையாகச் சீறியது. நிற்கவில்லை, அப்படியே ஓடி, கனத்துப்போய் மெதுவாக எழும்பியது. வட்டம் அடித்தது. பிறகு கரையை நோக்கித் திரும்பி நேரே எங்கள் பக்கம் வந்தது. பெரிதாகிக்கொண்டே வந்தது. வயிற்றில் கதவு திறப்பது தெரிந்தது.

அமிர்தநாதர் கத்தினார். என்ன கத்தினார் என்று எனக்குக் கேட்கவில்லை. கிளடிஸை இழுத்துப் புல்லில் விழுத்தி, அவள்மேல் தான் விழுந்து, தலையையும் முதுகையும் தன் உடம்பால் மூடிக்கொண்டார். அவளுடைய இரண்டு காதையும் தன் இரண்டு கையால் பொத்தினார். நானும்தான் வானுக்குப் பக்கத்தில் குந்திவிட்டேன். தவமணி இன்றுவரை அதைச் சொல்லிக் காட்டுகிறாள், தான் வானின் சில்லுக்குப் பின்னால் படுத்ததை மறந்துவிட்டு. புல்வெளியில் நின்ற வெள்ளைக்காரர்கள் எல்லாரும் கைதட்டிக்கொண்டு நின்றார்கள். நாங்கள் நாலு பேரும்தான் நிலத்தில்.

தண்ணீர் கரைக்குக் கிட்ட ஏரியில் கொட்டியது. ஒரு பெரிய பாறாங்கல் விழுந்தாற்போல ஒரு சத்தம். அவ்வளவுதான். காற்று எங்கள் பக்கம் அடித்தது. கொஞ்ச நேரத்தில் தூவானம் வந்து எங்கள்மேல் விழுந்தது. குளிர்ந்த தண்ணீர். அமிர்தநாதரின் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது.

அவர் எழும்பவில்லை. கிளடிஸ் கீழே இருந்தபடியே, "இஞ்சருங்கோ, முடிஞ்சுது. தண்ணிதான்" என்றாள். அவர் மெல்லத் தலையை உயர்த்திச் சுற்றிப் பார்த்தார். மரங்கள் நின்றன. எங்கள் வான் நின்றது. ஒரு சின்னப் பெண்பிள்ளை நனைந்த தலையோடு துள்ளிக்கொண்டு நின்றாள். அவர் எழுந்து புல்லில் இருந்தார். ஒரு காதிலிருந்து பஞ்சு விழுந்துவிட்டது. கையை விரித்து ஈரத்தைப் பார்த்தார். மற்றக் கையால் அதைத் தடவினார்.

"திரும்ப வருமோ?" என்று கேட்டார்.

"வரும்."

நான் நினைத்தேன், சரி, இப்போது சொல்லப்போகிறார், வீட்டுக்குப் போவோம் என்று. கிளடிஸும் அதைத்தான் எதிர்பார்த்தாள் போல, பக்கத்தில் இருந்து அவருடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். விமானம் ஏரியின் அந்தப் பக்கத்தில் மறுபடி தாழ்ந்தது. அவர் அதிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அது தண்ணீரை அள்ளி எழும்பி, எங்களை நோக்கித் திரும்பியது. அவருடைய கை கிளடிஸின் தோளை இறுக்கிப் பிடித்தது. ஆனால் படுக்கவில்லை. வயிறு திறந்தது, தண்ணீர் கொட்டியது, தூவானம் மறுபடி முகத்தில் அடித்தது.

அமிர்தநாதர் வாயைத் திறந்தார்.

"அண்டைக்கு இப்பிடித் தண்ணி விழுந்திருந்தா அக்கா வெளியில வந்து ஏசியிருப்பா, கிளடிஸ். காயப்போட்ட உடுப்பெல்லாம் நனைஞ்சுபோச்சு எண்டு ஏசியிருப்பா. பிள்ளையள் முற்றத்தில நிண்டு துள்ளியிருக்குங்கள்."

சொல்லிவிட்டு அழுதார். ஐந்து வருட அழுகை. கிளடிஸ் அவருடைய தலையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். நானும் தவமணியும் வேறு பக்கம் பார்த்தோம். விமானம் பிறகும் வந்தது, போனது. ஒவ்வொரு முறையும் அவர் உதறினார், ஒவ்வொரு முறையும் தலையைத் தூக்கிப் பார்த்தார்.

திரும்பி வருகிற வழியில் தவமணி இடியப்பத்தைப் பிரித்தாள். அவர் சாப்பிட்டார். ரெக்ஸ்டேல் கிட்ட வரும்போது, "திங்கக்கிழமை எத்தினை மணிக்கு வேலை?" என்று கிளடிஸைக் கேட்டார்.

"ஏழு மணிக்கு."

"அப்ப நான் ஆறு மணிக்குச் சாப்பாடு கட்டி வைக்கிறன்" என்றார் அமிர்தநாதர்.